‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கிறது, செய்யலாமா? – எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் பற்றிய வாசகர் கேள்விகள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கையும் பென் டிரைவையும் பற்றியவையாக இருந்ததால், இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. ‘கரப்ட் ஆகிவிட்டது’ என்ற ஒரே சொல்லால் எல்லோரும் தங்கள் சிக்கலைக் குறிப்பிட்டிருந்தாலும், படித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நோயாக இருக்கிறது. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு நஞ்சாகவும் முடியும்.

கேள்வி: நான் திருமணப் புகைப்படக் கலைஞர். ஏழு திருமணங்களின் படங்களை 2 டெராபைட் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். ஆல்பம் வடிவமைப்பவர் மேக் கணினி பயன்படுத்துவதால் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்திருந்தேன். நகலெடுத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்க் கணினி அணைந்துவிட்டது. மீண்டும் இணைத்தால், ‘இந்த டிரைவைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கிறது. பக்கத்துக் கடைக்காரர், விண்டோஸிலேயே உள்ள செக்டிஸ்க் கருவியை ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா? – கும்பகோணம்

பதில்: செய்ய வேண்டாம். விண்டோஸ் கேட்கும் கேள்விக்கு ‘கேன்சல்’ கொடுத்து, ஹார்ட் டிஸ்க்கைக் (இனி ‘தட்டு’ என்கிறேன்) கழற்றி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

உங்கள் படங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கெட்டுப்போயிருப்பது எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் பதிவேடுதான். நூலகத்தில் அட்டவணை எரிந்துபோனால் அலமாரியில் உள்ள புத்தகங்கள் எரிந்துபோனதாக ஆகாது அல்லவா? விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில், பதிவேட்டில் ஒரு மாற்றத்தைச் செய்வதற்கு முன் அதைத் தனியாக ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும் ஏற்பாடு உண்டு. நடுவில் மின்சாரம் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்துப் பதிவேட்டை ஒழுங்குக்குக் கொண்டுவர முடியும். எக்ஸ்ஃபேட்டில் அந்த ஏற்பாடு இல்லை. மேக் கணினி என்டிஎஃப்எஸ் தட்டைப் படிக்கும், ஆனால் தானாக அதில் எழுதாது என்பதால் உங்களைப் போன்றவர்கள் எக்ஸ்ஃபேட்டுக்குப் போகிறீர்கள். அந்த வசதிக்கு நீங்கள் கொடுக்கும் விலை, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தாங்கும் திறன் குறைவு என்பதே.

செக்டிஸ்க்கைப் பற்றிக் கடைகளில் ஒரு தவறான நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. அது கோப்புகளை மீட்பதற்கான கருவி அன்று. கோப்பு முறைமையை, அதாவது என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் போன்ற பதிவேட்டு ஏற்பாட்டை, முரண்பாடு இல்லாத நிலைக்குக் கொண்டுவருவதற்கான கருவி. பதிவேட்டில் ஒரு வரி புரியவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுவதும் அதன் பார்வையில் ‘சரிசெய்தல்’தான். உரிமையாளர் யாரென்று தெரியாத துண்டுகளை ஃபவுண்ட் 000 என்ற மறைந்த கோப்புறையில், சிஎச்கே என்ற பின்னொட்டுடன் போட்டுவிட்டு, தட்டு நலமாக இருக்கிறது என்று அறிவித்துவிடும். உங்கள் தட்டு ‘ரா’ (எந்தக் கோப்பு முறைமை என்றே விண்டோஸுக்குப் புரியாத நிலை) என்று காட்டினால் செக்டிஸ்க் ஓடவே மறுக்கும். அதை நல்வாய்ப்பு என்றே சொல்வேன். பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் தட்டில் அவசரப்பட்டு அதை ஓட்டி, நூற்றுக்கணக்கான படங்களைப் பெயரற்ற துண்டுகளாக அவர் கையில் கொடுத்த அனுபவம் எனக்கே உண்டு.

செய்ய வேண்டியது, முதலில் அந்தத் தட்டைத் தொடக்க செக்டாரிலிருந்து (செக்டார் என்பது தட்டில் தரவு பதியும் சிறு கட்டம்) கடைசி செக்டார் வரை அப்படியே வேறொரு தட்டுக்கு நகலெடுப்பது. இதற்கு, அதே அளவோ அதற்கு மேலோ இடமுள்ள புதிய தட்டு ஒன்று தேவை. ஏழு திருமணங்களோடு ஒப்பிட்டால் இது சிறிய செலவுதான். லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் வெளியீட்டைப் பென் டிரைவில் ஏற்றிக் கணினியைத் தொடங்கினால் அதிலேயே இது கிடைக்கும். டிடிரெஸ்க்யூவின் சிறப்பு, படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு கெட்ட இடங்களுக்குத் திரும்பி வருவது. எதுவரை எடுத்தோம் என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நிறுத்திவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே ஆபத்து, எதிலிருந்து எடுக்கிறோம், எதில் எழுதுகிறோம் என்பதை மாற்றிக் கொடுத்துவிடுவது. அப்படிக் கொடுத்தால் வெற்றுத் தட்டு உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும். எனவே இரண்டு தட்டுகளின் அளவையும் வரிசை எண்ணையும் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, கட்டளையை இருமுறை படித்த பிறகே என்டர் தட்டுங்கள்.

நகல் கைக்கு வந்த பிறகு மூலத்தட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, சோதனைகள் எல்லாவற்றையும் நகலின் மேல் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட் தன் தொடக்கப் பகுதியான 12 செக்டார்களின் மாற்றுப் பிரதியை அடுத்த 12 செக்டார்களிலேயே வைத்திருக்கிறது; முதல் பிரதி மட்டும் கெட்டிருந்தால், டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகளைக் கொண்டு பழைய கோப்புறைகளைப் பெயருடன் திரும்பப் பெற நல்ல வாய்ப்பு உண்டு. அது கைகூடாவிட்டால் அதனுடனேயே வரும் ஃபோட்டோரெக் இருக்கிறது. இது பதிவேட்டைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு செக்டாரையும் படித்து, ஜேபெக் படம் என்றால் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டுகளில் தொடங்கும் என்பது போன்ற அடையாளங்களைக் கொண்டு கோப்புகளைத் தேடி எடுக்கும். கோப்பின் பெயரும் கோப்புறையும் போய்விடும். ஆனால் படம் எடுத்த நாளும் நேரமும் கேமராவின் பெயரும் ஜேபெக் கோப்பின் உள்ளேயே பதிந்திருப்பதால், அந்தத் தேதிகளைக் கொண்டு ஏழு திருமணங்களையும் மீண்டும் பிரித்துவிடலாம். படங்கள் பெரும்பாலும் ஒரே தொடராக எழுதப்பட்டிருக்கும் என்பதால் முழுமையாகக் கிடைக்கும். பெரிய வீடியோக்கள் துண்டு துண்டாக எழுதப்பட்டிருந்தால் சில ஓடாமல் போகலாம். மேற்பாதி நன்றாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் தெரியும் படங்கள், நடுவில் வேறு கோப்பின் துண்டு கலந்தவை அல்லது அந்த இடம் படிக்க முடியாமல் போனவை.

கேள்வி: அலுவலகக் கணினியில் கணக்குக் கோப்புகளை நகலெடுக்கும்போது ஹார்ட் டிஸ்க் அடிக்கடி துண்டித்துக்கொண்டு மீண்டும் இணைகிறது. நகலெடுத்த சில கோப்புகள் திறப்பதில்லை. வீட்டு லேப்டாப்பில் இதே டிஸ்க் ஒழுங்காக வேலை செய்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா? – திருப்பூர்

பதில்: வீட்டில் ஒழுங்காக ஓடுகிறது என்ற உங்கள் வரியிலேயே பாதி விடை இருக்கிறது. சந்தேகத்தை முதலில் கேபிளின் மேலும் மின்சாரத்தின் மேலும் வையுங்கள். இரண்டரை அங்குலத் தட்டுக்குத் தனி அடாப்டர் கிடையாது. அது ஓடுவதற்கான மின்சாரம் யுஎஸ்பி வழியாகவே வர வேண்டும். யுஎஸ்பி 2.0 வகையில் 500 மில்லி ஆம்பியரும் 3.0 வகையில் 900 மில்லி ஆம்பியரும் தர வேண்டும் என்பது நியமம். தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் அதன் தேவை இதைத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். அலுவலகக் கணினிப் பெட்டியின் முன்பக்கத் துளைகள் உள்ளே மெல்லிய நீண்ட கம்பியால் மதர்போர்டுடன் இணைக்கப்பட்டிருக்கும். அங்கே செருகினாலோ, தனி மின்சாரம் இல்லாத ஹப் வழியாக இணைத்தாலோ மின்னழுத்தம் தாழ்ந்து தட்டு நின்று எழும். பெட்டியின் பின்பக்கத் துளையில், குட்டையான வேறொரு கேபிளைக் கொண்டு இணைத்துப் பாருங்கள்.

ஊகத்தில் நிற்காமல் உறுதிசெய்ய வழியும் உண்டு. விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவில் ‘டிஸ்க்’ என்ற மூலத்திலிருந்து வந்த செய்திகளைப் பாருங்கள். 157 என்ற எண் இருந்தால் தட்டு சொல்லாமல் கொள்ளாமல் கழன்றது என்று பொருள். அது இணைப்பையும் மின்சாரத்தையும் சுட்டுகிறது. எண் 7 இருந்தால் தட்டிலேயே படிக்க முடியாத இடம் உண்டு என்று பொருள்.

அடுத்து, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் தட்டின் ஸ்மார்ட் குறிப்புகளை, அதாவது தன் நலம் பற்றித் தட்டு தானே எழுதிவைக்கும் குறிப்புகளை, பாருங்கள். 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்று இடம் தரப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை. சி5 பூஜ்யமாக இல்லாவிட்டால் தட்டை நம்பாதீர்கள். சி7 என்ற வரியைப் பார்த்து யுஎஸ்பி கேபிள் மோசம் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. எக்ஸ்டெர்னல் தட்டில் அது கேசிங்குக்கு உள்ளே, தட்டுக்கும் இணைப்புப் பலகைக்கும் இடையே நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கையே தவிர, வெளியே நீங்கள் செருகும் கேபிளைப் பற்றியது அன்று. எல்லா வரிகளும் பூஜ்யமாக இருந்தாலும் தட்டு நலம் என்று உறுதி கிடையாது என்பதையும் மனத்தில் வையுங்கள். கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன.

திறக்காத கோப்புகள், எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் தட்டு துண்டித்துக்கொண்டதால் அரைகுறையாக நின்றவையாக இருக்கும். அவற்றை மூலத்திலிருந்து மீண்டும் நகலெடுப்பதைத் தவிர வழியில்லை.

கேள்வி: வினாத்தாளை அச்செடுக்க ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் எல்லாக் கோப்புறைகளும் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. ரெக்கவரி மென்பொருள் வாங்க வேண்டுமா? – ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: ஒரு பைசாவும் செலவழிக்க வேண்டாம். இது பழுது அன்று, வைரஸ். உங்கள் கோப்புறைகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் தன்னை இயக்கும் ஷார்ட்கட்டுகளை அது வைத்திருக்கிறது. அவற்றை இருமுறை சொடுக்கித் திறந்துவிடாதீர்கள். திறந்தால் உங்கள் கணினியும் அதற்கு ஆளாகும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, ‘பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை’ என்ற தேர்வையும் நீக்கினால் உங்களுடையவை மங்கலாகத் தெரியும். அவற்றை மட்டும் நகலெடுத்து, ஆன்ட்டிவைரஸ் கொண்டு சோதித்த பிறகு பென் டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். இந்தப் பகுதியில் நான் ஃபார்மேட் செய்யச் சொல்லும் ஒரே இடம் இதுதான். இனி அச்சுக்கு, வேறு எதுவும் இல்லாத ஒரு தனிப் பென் டிரைவை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேசையிலிருந்து விழுந்த ஹார்ட் டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தமிடுகிறது. ஃபிரீசரில் ஒரு நாள் வைத்தால் சரியாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். – விழுப்புரம்

பதில்: ஃபிரீசரில் மாவும் பாலும் வைக்கலாம். தட்டை வைத்தால், வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன் பரப்பில் நீர்த்துளிகளாகப் படியும். படிக்கும் தலை, சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. விழுந்த அதிர்ச்சியில் அது நெளிந்திருந்தால், நீங்கள் மின்சாரம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் காந்தப் பூச்சைச் சுரண்டிக்கொண்டே போகக்கூடும். மென்பொருள் எதுவும் இதற்கு உதவாது. இன்றே மின்சாரம் கொடுப்பதை நிறுத்துங்கள். தூசியற்ற அறை வசதியுள்ள மீட்பு நிலையத்தில் மட்டும் கொடுங்கள். செலவை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ‘மூடியைத் திறந்து பார்க்கிறேன்’ என்று சொல்லும் கடையிலிருந்து உடனே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் மிகக் குறைந்த விலைக்கு 2 டெராபைட் பென் டிரைவ் வாங்கினேன். கோப்புகளின் பெயரும் அளவும் தெரிகின்றன, ஆனால் திறந்தால் ‘கரப்ட்’ என்கிறது. முதலில் போட்டவை மட்டும் திறக்கின்றன. – தூத்துக்குடி

பதில்: முதலில் போட்டவை மட்டும் திறப்பதே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. உள்ளே இருக்கும் சில்லு 32 அல்லது 64 கிகாபைட்டாக இருக்கும். தான் 2 டெராபைட் என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதியிருக்கிறார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு வருவதை அது வாங்கிக்கொள்வது போல் நடித்துவிட்டு வீசிவிடும், அல்லது பழையவற்றின் மேலேயே எழுதும். பெயர்ப் பட்டியல் தொடக்கத்தில் உள்ள உண்மையான பகுதியில் பதிவதால், பெயரும் அளவும் மட்டும் ஒழுங்காகத் தெரியும்.

விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 ஆகிய இலவசக் கருவிகள், டிரைவ் முழுவதையும் சோதனைத் தரவால் நிரப்பித் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லும். நொடிக்கு 20 மெகாபைட் வேகத்தில் 2 டெராபைட்டை நிரப்பவே ஏறக்குறைய 28 மணி நேரம் ஆகும். ஆனால் போலி என்பது பெரும்பாலும் அதற்கு வெகுமுன்பே வெளிப்படும். வீசப்பட்ட கோப்புகளை மீட்க வழியே இல்லை, ஏனெனில் அவை எங்கும் எழுதப்படவே இல்லை. சோதனை முடிவைப் படமெடுத்து, பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வரலாற்றுக்காகப் பழைய பத்திரங்கள், கடிதங்கள் என 18,000 பக்கங்களை ஸ்கேன் செய்து தட்டில் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமலே, எதுவும் கெட்டுப்போகவில்லை என்று எப்படி அறிவது? – ஓய்வுபெற்ற தபால் ஊழியர், காரைக்குடி

பதில்: இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனெனில் கெட்டுப்போவதற்கு முன் வந்திருக்கிறது.

ஒவ்வொரு கோப்பிலிருந்தும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு முறையால் 64 எழுத்துகள் கொண்ட ஒரு முத்திரையைப் பெறலாம். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் முத்திரை முற்றிலும் வேறாகிவிடும். செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது சொடுக்கி இதைப் பார்க்கலாம்; 18,000 கோப்புகளுக்கு ஹாஷ்டீப் போன்ற கருவி ஒரே ஓட்டத்தில் பட்டியல் தந்துவிடும். அந்தப் பட்டியலை வேறோர் இடத்தில் வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டுமே கோப்பின் உள்ளடக்கத்துக்கு இத்தகைய முத்திரையை வைத்துக்கொள்வதில்லை. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகள் வைத்துக்கொள்கின்றன, ஆனால் அவற்றுக்காக நீங்கள் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று சொல்லமாட்டேன்.

ஒப்பிடும்போது வேறுபாடு தெரிந்தால் உடனே தட்டைக் குறை சொல்லிவிடாதீர்கள். தட்டைக் கழற்றி மீண்டும் இணைத்து அதே கோப்பை மறுபடி கணக்கிடுங்கள். கழற்றாமல் செய்தால் கணினி தன் நினைவகத்தில் இருக்கும் பிரதியையே படித்துவிட்டு உங்களை ஏமாற்றக்கூடும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு முத்திரை வந்தால், கோப்பு பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. கோளாறு கணினியின் ரேமிலோ இணைப்பிலோ உள்ளது. மெம்டெஸ்ட்86+ கொண்டு ரேமை ஓர் இரவு முழுவதும் சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே தவறான முத்திரை வந்தால் தட்டில் பதிந்திருப்பதே மாறிவிட்டது என்று கொள்ளலாம்.

அப்போது கைகொடுக்க இன்னொரு தட்டில் இரண்டாம் பிரதி வேண்டும். இரண்டாம் பிரதியை, முதல் தட்டுடன் தானாக ஒத்திசையும்படி அமைக்காதீர்கள்; அழித்ததும் கெட்டதும்கூட அங்கே அப்படியே போய்ச் சேரும். கூடவே மல்ட்டிபார் என்ற மென்பொருளால் பார்2 வகை மீட்புக் கோப்புகளையும் உருவாக்கி வைக்கலாம். மூல அளவில் 10 விழுக்காடு இடத்தை அவற்றுக்கு ஒதுக்கினால், ஏறக்குறைய அதே அளவு சேதத்தை மீண்டும் கணக்கிட்டு நிரப்பிவிடும். பிரதியை எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் பதியும் டிரைவ்) போட்டு ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. தன் எழுதும் ஆயுளை முடித்துவிட்ட, தனிநபர் பயன்பாட்டுக்கான எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே, நினைவகச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் நியமம். புதியது அதைவிட நெடுங்காலம் தாங்கும், ஆனால் காரைக்குடியின் கோடை 30 பாகையோடு நிற்பதில்லை.

கேள்வி: என் 3 டெராபைட் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கின் யுஎஸ்பி பலகை கருகிவிட்டது. உள்ளே இருந்த தட்டைக் கழற்றி வேறு கேசிங்கில் போட்டேன். தட்டு நன்றாகச் சுழல்கிறது, ஸ்மார்ட் குறிப்புகளும் சுத்தம். ஆனால் காலி என்று காட்டி ‘இனிஷியலைஸ்’ செய்யச் சொல்கிறது. – சேலம்

பதில்: ‘இனிஷியலைஸ்’ பெட்டியில் ‘கேன்சல்’ கொடுங்கள், ‘ஓகே’ கொடுத்தால் தட்டின் முதல் செக்டாரிலேயே புதிய பார்ட்டிஷன் பட்டியல் (தட்டின் எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல்) எழுதப்பட்டுவிடும்.

உங்கள் தரவுக்கு எதுவும் ஆகவில்லை, அளவுகோல் மாறியிருக்கிறது என்பதே என் கணிப்பு. 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட சில எக்ஸ்டெர்னல் டிஸ்க்குகளில், பழைய பார்ட்டிஷன் முறையின் 2 டெராபைட் வரம்பைத் தாண்டுவதற்காக, ஒரு செக்டாரை 512 பைட் என்று சொல்லாமல் 4,096 பைட் என்று கணினியிடம் அறிவிக்கும் பலகையைப் பொருத்தியிருந்தார்கள். அங்கே பார்ட்டிஷன் 256ஆம் செக்டாரில் தொடங்குவதாக எழுதியிருந்தால், அது தட்டின் தொடக்கத்திலிருந்து சரியாக 1 மெபிபைட் (10,48,576 பைட்) தொலைவு. புதிய கேசிங் 512 பைட் கணக்கில் 256 செக்டார் நடந்துபோய், அதில் எட்டில் ஒரு பங்குத் தொலைவிலேயே நின்று தேடுகிறது. உண்மையில் அது போக வேண்டியது 2,048ஆம் செக்டாருக்கு. முழத்தில் அளந்து நட்ட எல்லைக்கல்லைச் சாணில் அளந்து தேடுவது போன்றது இது.

பழைய பலகையின் அதே மாதிரி எண் கொண்ட இன்னொரு பலகை கிடைத்தால், பெரும்பாலும் தட்டு அப்படியே திறந்துவிடும். கிடைக்காவிட்டால் தட்டின் முழு நகலை எடுத்து, லினக்ஸில் லூசெட்அப் கட்டளையிடம் செக்டார் அளவு 4,096 என்று சொல்லி, படிக்க மட்டும் அனுமதி கொடுத்துத் திறக்கலாம். அதற்கும் பணியாமல் தட்டின் உள்ளடக்கம் தொடக்கம் முதல் இறுதிவரை எந்த ஒழுங்கும் இல்லாத எண்களாகவே இருந்தால், உங்கள் பலகை மறைகுறியாக்கம் செய்யும் வகையைச் சேர்ந்தது என்று கருத வேண்டும். நீங்கள் கடவுச்சொல் வைக்காதிருந்தாலும் அத்தகைய பலகைகள் எல்லாவற்றையும் பூட்டியே எழுதுகின்றன. கருகிய பலகையைக் குப்பையில் போட்டிருந்தால் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். அதிலுள்ள சிறு சில்லுகளை நல்ல பலகைக்கு மாற்றி ஒட்டத் தெரிந்த மீட்பு நிலையத்துக்கு, தட்டையும் பலகையையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கும்.